வீருஸ்: பன்மை இல்லாத ஒரு சொல்

வைரஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் பன்மை என்ன? ஆங்கிலம் படித்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்று வரும். 'உஸ்' என்று முடியும் சொல் 'ஈ' என்று மாறும் என்பதால் 'வீரீ' என்பார்கள் சிலர். 1980களிலும் 1990களிலும் கணினி ஆர்வலர்கள் இன்னொரு 'ஈ' ஓசையையும் சேர்த்து 'வீரியீ' என்று எழுதினார்கள். இரண்டும் தவறு. 'வீரியீ' என்ற பன்மை பிறக்க 'வீரியுஸ்' என்றொரு ஒருமை வேண்டும். அப்படி ஒரு சொல் லத்தீனில் கிடையாது. 'வீரீ' என்ற வடிவம் உண்டு, ஆனால் அது பன்மை அல்ல. அதில் முதல் உயிரைக் குறுக்கி 'விரீ' என்றால் பன்மைதான், ஆனால் பொருள் 'ஆண்கள்'.

சரியான விடை கேட்பவரைச் சற்று ஏமாற்றும். நம் கைக்கு வந்திருக்கும் பழைய லத்தீன் நூல்களில் இந்தச் சொல்லுக்குப் பன்மையே இல்லை. இதை இலக்கணத்தின் குறையாகப் பார்ப்பது வழக்கம். குறை இலக்கணத்தில் இல்லை என்பது என் எண்ணம். ரோமானியர்கள் 'வீருஸ்' என்று எதைச் சொன்னார்களோ அது எண்ணக்கூடிய பொருள் அல்ல. ஊறுவது, கசிவது, நாறுவது, கரிப்பது எல்லாம் அவர்களுக்கு வீருஸ். தண்ணீரை நாம் 'தண்ணீர்கள்' என்று எண்ணாதது போல அவர்கள் வீருஸை எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவை வந்தது 20ஆம் நூற்றாண்டில், அதுவும் ஓர் ஆய்வுக்கூடத்தில். பன்மைச் சண்டையின் வேர் அங்கே இருக்கிறது.

முதலில் சொல்லின் வடிவத்தைப் பார்ப்போம். லத்தீன் பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும் விதத்தை வைத்து ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. வீருஸ் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்பில் ஆண்பால் சொற்கள் பொதுவாக 'உஸ்' என்று முடியும்: 'டொமினுஸ்', அதாவது தலைவன். ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத நடுப்பால் சொற்கள் 'உம்' என்று முடியும்: 'பெல்லும்', அதாவது போர். நடுப்பாலுக்கு ஒரு மாறாத விதி உண்டு. எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவில் இருக்கும், பன்மையில் அவ்விரண்டும் 'அ' என்று முடியும். போர்கள் என்பது 'பெல்லா'. இந்த விதி லத்தீனுக்கு மட்டும் உரியதல்ல. கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் எழுவாயும் செயப்படுபொருளும் இப்படியே ஒன்றாக நிற்கும்.

வீருஸ் இந்த ஒழுங்கில் ஒட்டாமல் நிற்கிறது. முடிவைப் பார்த்தால் ஆண்பால், நடப்பில் நடுப்பால். எழுவாய், செயப்படுபொருள், விளி மூன்றும் 'வீருஸ்'தான். ஆறாம் வேற்றுமை 'வீரீ'. நான்காம் வேற்றுமைக்கு விதிப்படி 'வீரோ' வரும். நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையைச் சேர்த்துச் செய்யும் லத்தீனின் ஆறாவது வடிவமும் 'வீரோ'தான். இந்த வாய்பாடு முழுவதையும் ஒரே ஆசிரியரிடம் தேடினால் கிடைக்காது. எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும்தான் சொல் எங்கும் தென்படுகிறது. 'வீரீ', 'வீரோ' என்ற வடிவங்களுக்குக் கிமு முதல் நூற்றாண்டுக் கவிஞர் லுக்ரீஷியஸையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. உலகின் இயற்கையைப் பற்றி அவர் எழுதிய நெடும்பாட்டில் அவை வருகின்றன.

இரண்டாம் வகுப்பில் இப்படி 'உஸ்' முடிவோடு நடுப்பாலாக நிற்கும் சொற்கள் மொத்தம் மூன்று. லத்தீன் பாடப்புத்தகங்கள் விதிவிலக்கு என்று சொல்லி அவற்றை ஒரே வரியில் முடித்துவிடும்: வீருஸ், 'வுல்குஸ்', 'பெலகுஸ்'. வுல்குஸ் என்றால் பொதுமக்கள் திரள், கும்பல். பெலகுஸ் என்றால் கடல். மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகும் இந்தப் பட்டியலில் நின்று பார்க்க ஒரு விஷயம் இருக்கிறது. கசிவு, கும்பல், கடல் ஆகிய மூன்றுமே ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரிக்க முடியாதவை. பெலகுஸ் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். அங்கேயே அது நடுப்பால், அந்தப் பாலோடுதான் லத்தீனுக்குள் வந்தது. அதற்கு மட்டும் 'பெலகே' என்று ஒரு பன்மை லுக்ரீஷியஸிடம் காணப்படுகிறது, அதுவும் கிரேக்கப் பன்மையே. வுல்குஸ் சில இடங்களில் ஆண்பாலாக வழுக்கிவிடும். வீருஸ் மட்டும் வழுக்கவும் இல்லை, பன்மை ஏற்கவும் இல்லை.

'உஸ்' என்ற முடிவைக் கண்டதும் 'ஈ' போட்டுவிடும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லத்தீனில் இந்த முடிவு பல வீடுகளுக்குச் சொந்தம். உடல் என்ற பொருளுடைய 'கார்புஸ்' மூன்றாம் வகுப்பு, அதன் பன்மை 'கார்போரா'. நிலை என்ற 'ஸ்டாடுஸ்' நான்காம் வகுப்பு, அதன் பன்மையை எழுதினால் ஒருமை போலவே இருக்கும், கடைசி உயிர் மட்டும் நீளும். நாம் பஸ் என்று சுருக்கிவிட்ட 'ஆம்னிபுஸ்' தானே ஒரு பன்மை, 'எல்லோருக்கும்' என்ற நான்காம் வேற்றுமை. அதற்கு மேல் பன்மை கேட்டால் எல்லோருக்கும்களுக்கு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அண்டை வீட்டுச் சொற்களும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. ஆண் என்ற பொருளுடைய 'விர்', வலிமை என்ற பொருளுடைய 'வீஸ்' ஆகிய சொற்களுக்கும் நம் 'வீருஸ்' என்பதற்கும் உறவில்லை. வீஸ் என்பதன் பன்மை 'வீரேஸ்'. காதில் மூன்றும் ஒன்றோடொன்று உரசும். 'விரோசுஸ்' என்று குறிலோடு சொன்னால் ஆண்கள்மேல் ஆசை கொண்ட என்று பொருள், 'வீரோசுஸ்' என்று நெடிலோடு சொன்னால் நாற்றமடிக்கும், நஞ்சுடைய என்று பொருள். லத்தீன் எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டும் வழக்கம் பரவலாக இல்லை. எழுதியதைப் பார்த்துப் படிக்கிறவர் பொருளை வைத்துத்தான் அளவை ஊகிக்க வேண்டும். குறில் நெடிலுக்குத் தனித்தனி எழுத்து வைத்திருக்கும் நமக்கு இந்தச் சங்கடம் புரிவது கொஞ்சம் கடினம். இரண்டாவது சொல் இன்னும் தாவரவியலில் வாழ்கிறது. நீர் ஓரங்களில் வளரும் ஒரு கொடிய நச்சுச் செடிக்குச் 'சிகுட்டா விரோசா' என்று பெயர்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு நடுவில் இருக்கும் 'ர' ஒரு தடயம். அது முதலில் 'ர' அல்ல, 'ஸ'. லத்தீனின் முன்வரலாற்றில் இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட 'ஸ்' ஒலி 'ர்' ஆக மாறியது. பூ என்பதற்கு எழுவாய் 'ஃப்ளோஸ்', ஆறாம் வேற்றுமை 'ஃப்ளோரிஸ்' என்று இருப்பது இதனால்தான். கடைசியில் தனியாக நின்ற ஸ் தப்பித்தது, நடுவில் மாட்டிக்கொண்டது மாறியது. இது நடந்த காலம்கூட ஓரளவு தெரியும். சிசரோ தம் நண்பர் பபீரியஸ் பீட்டஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், அவர் குடும்பத்தார் முன்பு 'பபீசியஸ்' என்று அழைக்கப்பட்டதையும், கிமு 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு முன்னோரோடு அந்தப் பழைய உச்சரிப்பு நின்றுபோனதையும் வேடிக்கையாக நினைவூட்டுகிறார். வலேசியர் வலேரியர் ஆனதும் அதே அலையில்தான். ஆகவே 'வீருஸ்' அந்த அலைக்கு முன் 'வீஸுஸ்' போன்ற ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அதில் 'ஸ்' ஓரிடத்தில் மாறியும் ஓரிடத்தில் மாறாமலும் நிற்பதை இன்றைய சொல்லிலும் பார்க்கலாம்.

அந்த 'ஸ்' ஒலியைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் உறவினர் வரிசையாகக் கிடைக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் 'விஷ', ஈரானின் பழைய அவெஸ்தா மொழியில் 'விஷ', கிரேக்கத்தில் 'ஈயோஸ்', பழைய ஐரிஷ் மொழியில் 'ஃபீ', நடு ஆசியாவில் வழக்கொழிந்த தோக்காரிய மொழியில் 'வசெ'. எல்லாவற்றுக்கும் பொருள் நஞ்சு. கிரேக்கச் சொல் உலோகத் துருவையும் குறிக்கும். மூல ஒலி ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வேடம் போட்டது. ரோமில் அது ர ஆயிற்று. கிரேக்கத்தில் முன்னால் இருந்த வகரமும் நடுவில் இருந்த ஸகரமும் உதிர்ந்து உயிர்கள் மட்டும் மிஞ்சின. இந்தியாவில் இகரத்தின் பின் வந்ததால் நாவை மடக்கி ஷகரமானது.

தமிழுக்கு வந்தபோது அந்த ஷகரம் இன்னொரு முறை மாறியது. வருஷம் வருடம் ஆனது போல விஷம் விடம் ஆயிற்று. வடசொல் தமிழாகும்போது இந்த எழுத்து சொல்லின் முதலில் சகரமாகவும் இடையில் டகரமாகவும் திரியும் என்று நன்னூல் விதி வகுத்திருக்கிறது. சிவன் கண்டத்தில் நின்ற ஆலகால விடமும் மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படும் வைரஸும் ஆக ஒரே வேரின் இரண்டு கிளைகள். ஒன்று சமஸ்கிருதத்தின் வழியாகப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தது, மற்றொன்று லத்தீனிலிருந்து ஆங்கிலம் வழியாக நேற்று வந்தது. நஞ்சு என்ற நம் சொந்தச் சொல்லுக்கு இந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லை.

இன்னொரு சுவையான சந்திப்பு இருக்கிறது. ஆண் என்ற பொருளுடைய லத்தீன் 'விர்' சமஸ்கிருத 'வீர' என்பதன் உடன்பிறப்பு. நம் வீரனும் வீரமும் அங்கிருந்து வந்தவை. லத்தீன் மாணவர்களைத் தடுமாற வைக்கும் அதே இரண்டு சொற்களுக்கும் தமிழில் பிரதிநிதிகள் உண்டு: வீரன், விடம். ஆனால் உயிரின் அளவு ஒன்றுக்கொன்று குறுக்காக மாறிக் கிடக்கிறது. ஆணைக் குறிக்கும் சொல்லில் லத்தீன் குறில் வைக்கிறது, சமஸ்கிருதம் நெடில். நஞ்சைக் குறிக்கும் சொல்லில் லத்தீன் நெடில், சமஸ்கிருதம் குறில். ஓசையை மட்டும் நம்பிச் சொல்லாராய்ச்சி செய்யும் ஒருவர் வீருஸை வீரத்தோடு கட்டிவைத்துவிடுவார். நம்மூரில் அத்தகைய ஆராய்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஒலிமாற்ற விதிகளைப் பார்க்காமல் ஓசை ஒற்றுமையை மட்டும் பார்த்தால் எந்த மொழியிலும் எதையும் எதனோடும் சேர்க்கலாம்.

சமஸ்கிருத 'விஷம்' நடுப்பால் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். வீருஸின் நடுப்பால் தன்மை ரோமில் புதிதாக ஒட்டிக்கொண்டதல்ல, பழையது என்று கருத அது இடம் தருகிறது. கிரேக்கச் சகோதரன் மட்டும் ஆண்பால். நடுப்பாலாக இருந்தும் ஏன் 'வீரும்' என்று முடியவில்லை என்பதில் மொழியியலாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. 'கார்புஸ்' வகைச் சொற்களைப் போல இதுவும் முன்பு ஸகர முடிவுடையதாக இருந்து பிறகு வகுப்பு மாறியிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

ரோமானியர்கள் இந்தச் சொல்லை எப்படிப் புழங்கினார்கள் என்று பார்த்தால், நஞ்சு என்ற ஒற்றைப் பொருளுக்குள் அதை அடைக்க முடியாது என்பது தெரியும். லுக்ரீஷியஸ் கடல்நீரைப் பற்றிப் பேசும்போது, அது மண்ணுக்குள் வடிகட்டப்பட்டு வீருஸ் நீங்கி நன்னீராக ஊற்றுகளுக்குத் திரும்புகிறது என்கிறார். அங்கே வீருஸ் என்றால் உப்புக் கரிப்பு. ஒரு நூற்றாண்டுக்குள் மனீலியஸ் என்ற இன்னொரு கவிஞர் உப்பளத் தொழிலைச் சொல்லும் இடத்திலும் கடலின் வீருஸைப் பிரித்தெடுப்பது என்றே எழுதுகிறார். அதே லுக்ரீஷியஸ் வாசனைத் தைலம் செய்வதை விளக்கும்போது, அடிப்படை எண்ணெய் மணமற்றதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் வீருஸ் பட்டுப் பூக்களின் மணம் கெட்டுவிடும் என்று எச்சரிக்கிறார். அங்கே அது வீச்சம், காறல்.

வர்ஜில் தம் வேளாண்மைப் பாடல்களில் இரண்டு இடங்களில் வேறு வேறு முகம் காட்டுகிறார். கிமு 29 வாக்கில் முடிந்த நூல் அது. ஓரிடத்தில் பொற்காலம் முடிந்த கதை: வியாழக் கடவுளான யூப்பிட்டர் மனிதனை உழைக்க வைப்பதற்காகக் கரிய பாம்புகளுக்கு வீருஸைக் கொடுத்தார். நாம் எதிர்பார்க்கும் பாம்பு விஷம் அது. இன்னோரிடத்தில் வேட்கை கொண்ட பெண்குதிரையின் தொடையிடுக்கிலிருந்து மெல்ல வடியும் பிசுபிசுப்பான நீர். அதையும் வீருஸ் என்கிறார். அதைச் சேகரித்து மாற்றாந்தாய்கள் சூனியம் செய்வார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. சிசரோ உருவகத்துக்குப் போகிறார். கிமு 44இல் நட்பைப் பற்றி அவர் எழுதிய நூலில், மனிதர்களையே வெறுத்த ஏதென்ஸ் நகரத்து டைமனுக்கும் தன் கசப்பின் வீருஸைக் கக்குவதற்கு எதிரே ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கும் என்கிறார்.

உப்புக் கரிப்பு, எண்ணெய்க் காறல், விலங்கின் கசிவு, பாம்பின் நஞ்சு, மனத்தின் கசப்பு ஆகியவற்றுக்குப் பொதுவானது என்ன? எல்லாம் ஒரு பொருளுக்குள் ஊறியிருந்து வெளியே வருபவை, ருசிக்கோ மூக்குக்கோ உடம்புக்கோ ஒவ்வாதவை. நஞ்சு என்பது இந்தப் பெரிய வட்டத்தின் கொடிய முனை மட்டுமே. அகராதிகள் நஞ்சை முதலில் போட்டு மற்றவற்றைப் பின்னால் தள்ளும்போது சொல்லின் உருவம் கொஞ்சம் கோணிவிடுகிறது.

நஞ்சுக்கென்று ரோமானியரிடம் 'வெனேனும்' என்று இன்னொரு சொல் இருந்தது. அது காதல் தெய்வமான வீனஸின் பெயரோடு உறவுடையது, முதலில் வசிய மருந்தைக் குறித்திருக்கலாம். மனிதன் கலக்கித் தயாரிப்பது வெனேனும், இயற்கை சுரப்பது வீருஸ் என்று தோராயமாகப் பிரிக்கலாம், ஆனால் கவிஞர்கள் அந்த எல்லையை மதிக்கவில்லை. வெனேனும் நல்லதாகவும் இருக்கும். சட்ட அறிஞர் கையுஸ், அந்தச் சொல்லைச் சொல்கிறவர் நல்லதா கெட்டதா என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தும் வெனேனும்தான் என்று விளக்கம் எழுதினார். நல்ல வீருஸ், கெட்ட வீருஸ் என்று பிரிக்க வேண்டிய தேவை எந்த வழக்கறிஞருக்கும் வரவில்லை. பேச்சு லத்தீன் சிதைந்து பிரெஞ்சும் இத்தாலியமும் ஸ்பானியமும் ஆனபோது நஞ்சைக் குறிக்க மக்கள் வாயில் தங்கியது வெனேனும் குடும்பமே. வீருஸ் ஏட்டில் உறங்கியது. பின்னாளில் படித்தவர்கள் அதை ஏட்டிலிருந்து எடுத்துப் புழங்கினார்கள்.

எடுத்தவர்களில் மருத்துவர்களே அதிகம். அவர்களுக்கு முன்னோடி கிபி முதல் நூற்றாண்டில் எழுதிய செல்சஸ். ஏறத்தாழ எல்லாக் கடியிலும் ஏதோ ஒரு வீருஸ் இருக்கிறது என்பார் அவர். வெறிநாய் கடித்தால் கடிவாயில் குப்பி வைத்து வீருஸை உறிஞ்சி எடுக்க வேண்டும், நரம்பில்லாத இடமாக இருந்தால் சுட வேண்டும் என்பது அவருடைய சிகிச்சை. தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் எதிர்பாராத நேரத்தில் நோயாளியைக் குளத்தில் தள்ளிவிடச் சொல்கிறார். பாம்பின் நஞ்சு விழுங்கினால் கொல்லாது, காயத்தில் பட்டால்தான் கொல்லும் என்றும் சரியாகவே எழுதியிருக்கிறார். வெறிநாய்க்கடி வைரஸால் வருவது என்று இன்று நமக்குத் தெரியும். அதனால் செல்சஸ் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வைரஸைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது அபத்தம். அவர் சொன்னது நாயின் எச்சிலில் இருக்கும் நச்சு நீர். தேளின் கொடுக்கிலும் அதே சொல்தான் அவருக்குப் போதும்.

18ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் இந்தச் சொல்லைத் தொற்றுநோய்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்து இன்னொருவர் உடம்பில் ஏற்றினால் நோயைத் தரும் பொருள் வீருஸ். எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசு அம்மைப் புண்ணின் நீரை எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றி, 1798இல் அதைப் பற்றி நூல் எழுதினார். அதில் அந்த நீரை வைரஸ் என்றே குறிப்பிடுகிறார். லத்தீன் பொருள் இங்கே சிதையவில்லை: கசியும் நீர், கெடுக்கும் நீர். கெடுக்கும் நீரே காக்கவும் செய்யும் என்பது மட்டும் புதிது. பாஸ்டரின் காலத்தில், 1885இல் அவர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதன்முதலில் மனிதருக்குப் போட்டபோது, வைரஸ் என்பது எந்தத் தொற்றுப்பொருளுக்கும் பொதுப்பெயர். பாக்டீரியாவையும் அப்படி அழைக்கலாம்.

சொல் இறுகத் தொடங்கியது புகையிலைத் தோட்டத்தில். நெதர்லாந்தில் புகையிலை இலைகளில் திட்டுத்திட்டாக நிறம் மாறும் நோயை 1886இல் அடால்ஃப் மேயர் விவரித்து, நோயுற்ற இலைச்சாறு நல்ல செடிக்கும் நோயைத் தருவதைக் காட்டினார். பாஸ்டரின் உதவியாளர் ஷாம்பர்லாந்து 1884இல் மெருகிடாத பீங்கானால் ஒரு வடிகட்டி செய்திருந்தார். பாக்டீரியா அதில் நின்றுவிடும். 1892இல் ரஷ்யாவின் டிமிட்ரி இவனோவ்ஸ்கி புகையிலைச் சாற்றை அதில் வடித்தார், வடிந்த சாறும் நோயைத் தந்தது. வடிகட்டியில் குறையோ, பாக்டீரியா சுரந்த நச்சோ என்று அவர் தயங்கினார். 1898இல் டெல்ஃப்ட் நகரத்து மார்ட்டினுஸ் பெய்ஜெரிங்க் அதே சோதனையைச் செய்து, தயங்காமல் இது புதிய வகைத் தொற்றுப்பொருள் என்றார். அவர் வைத்த லத்தீன் பெயருக்கு உயிருள்ள திரவத் தொற்று என்று பொருள். அதையே வைரஸ் என்றும் எழுதினார்.

பெய்ஜெரிங்கின் நிலைப்பாடு சொல்லின் வரலாற்றில் ஒரு விளிம்பு. அது துகள் அல்ல, திரவம். கரைந்த நிலையில் இருக்கிறது. அகர் என்ற கூழுக்குள் ஊறிப் பரவுகிறது என்று அவர் வாதாடினார். அறிவியல் ரீதியாக அது தவறு என்று பிறகு தெரிந்தது. அதே 1898இல் கால்நடைகளின் கோமாரி நோயை ஆராய்ந்த லோஃப்லரும் ஃப்ரோஷும் மிகச் சிறிய துகள்களையே ஊகித்தார்கள். ஆனால் லத்தீன் கண்ணோடு பார்த்தால் பெய்ஜெரிங்க் சொல்லுக்கு விசுவாசமாக இருந்த கடைசி ஆள். வீருஸ் என்றால் ஊறிப் பரவும் நீர்தானே.

அந்த விசுவாசத்தை உடைத்தது 1935. அமெரிக்காவில் வெண்டல் ஸ்டான்லி புகையிலை வைரஸைப் படிகமாக்கிக் காட்டினார். நீர் என்று நினைத்ததை உப்பைப் போல, சர்க்கரையைப் போலக் குப்பியில் போட்டு வைக்க முடிந்தது. அதற்காக 1946இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அது புரதம் மட்டுமல்ல, ஆர்என்ஏவும் கலந்தது என்று பாடனும் பிரீயும் 1936இலேயே காட்டினார்கள். 1939இல் ஜெர்மனியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைப் படம் பிடித்தது. தெரிந்தவை குச்சிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன். குச்சியை எண்ணலாம். எண்ண முடிந்த அந்த நொடியிலிருந்து சொல்லுக்குப் பன்மை தேவைப்பட்டது, ரோமானியர் விட்டுப்போன கிடங்கில் அது இல்லை. பழைய பொருளின் எச்சம் உடனே போய்விடவும் இல்லை. தனித் துகளைச் சுட்ட வேறு சொல் வேண்டும் என்று 1959இல் ஆந்த்ரே ல்வோஃபும் சகாக்களும் 'விரியான்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு ஓர் உரையில் அதே ல்வோஃப், வைரஸை வைரஸ் என்றே கொள்ள வேண்டும், ஏனென்றால் அது வைரஸ் என்ற பொருள்பட முடித்திருந்தார். பழைய நீரிலிருந்தும் பாக்டீரியாவிலிருந்தும் வேதிப்பொருளிலிருந்தும் அதைப் பிரித்துத் தனியே நிறுத்த அவருக்கு வேறு வழி தெரியவில்லை போலும்.

பன்மைப் பஞ்சத்தை ஒவ்வொரு மொழியும் தன் வசதிப்படி தீர்த்துக்கொண்டது. பிரெஞ்சும் இத்தாலியமும் ஸ்பானியமும் சொல்லை மாற்றாமல் முன்னால் நிற்கும் சுட்டை மட்டும் பன்மையாக்குகின்றன. ஜெர்மன் முடிவை வெட்டிவிட்டு 'வீரென்' என்கிறது. பாலிலும் அங்கே இழுபறி உண்டு: அறிவியலார் நடுப்பாலாக எழுதுகிறார்கள், பேச்சில் ஆண்பாலும் வரும். ஆங்கிலம் தன் வழக்கமான பன்மை விகுதியைச் சேர்த்துக்கொண்டது. இன்றும் லத்தீனில் எழுதுகிறவர்கள் நடுப்பால் விதியைப் பின்பற்றி 'வீரா' என்கிறார்கள். பழைய சான்று இல்லாவிட்டாலும் இலக்கணப்படி அதுதான் முறையான பன்மை. வைரஸ் குடும்பங்களுக்கு 'விரிடே' என்றும் வரிசைகளுக்கு 'விராலேஸ்' என்றும் பெயர் முடிவுகளை வகுத்திருக்கும் பன்னாட்டு வகைப்பாட்டுக் குழுவும் 'விர்' என்ற அடியை மட்டும் எடுத்துக்கொண்டு பன்மைச் சிக்கலைத் தொடாமல் ஒதுங்கிக்கொண்டது. 1980களில் ஃபிரெட் கோஹனின் ஆய்வு வழியாகச் சொல் கணினிக்குள் போனபோது ஈரம் முற்றிலும் வற்றிவிட்டது. 'வீரியீ' என்ற பிழை அந்தக் காய்ந்த நிலத்தில்தான் செழித்தது.

தமிழில் நாம் 'வைரஸ்' என்று சொல்வதில் வரும் ஐகாரம் ஆங்கிலத்தின் முத்திரை. ஆங்கிலேயர் தங்கள் நெடில் ஈகாரத்தை ஐகாரமாக்கியதன் விளைவு அது. போர்ச்சுகீசியர் வழியாக வந்திருந்தால் சொல் வீருஸ் போல இருந்திருக்கும், ரோமானிய உச்சரிப்புக்கும் பக்கத்தில் இருந்திருக்கும். 1968இல் சூட்டப்பட்ட கொரோனா வைரஸ் என்ற பெயரில் முதல் பாதியும் லத்தீன்தான், மகுடம் அல்லது மாலை என்று பொருள்.

தமிழாக்கங்களில் எது பொருத்தம் என்பதற்கு இந்த வரலாறு ஓரளவு உதவும். நச்சுயிரி என்ற ஆக்கத்தில் நஞ்சு என்ற பழம்பொருள் இருக்கிறது, உயிருள்ள தொற்று என்று பெய்ஜெரிங்க் சேர்த்த அடைமொழியும் இருக்கிறது. ஆனால் வைரஸ் உயிரா இல்லையா என்ற வாதம் இன்னும் ஓயாத நிலையில் 'உயிரி' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. தீநுண்மி உயிரைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறது, நுண்மி என்ற பாதி 1939இன் குச்சிகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அதன் சிக்கல் 'தீ'. பாக்டீரியாவை மட்டும் கொன்று மனிதனுக்கு உதவும் வைரஸ்கள் இருக்கின்றன, அவற்றைத் தீநுண்மி என்பது அநியாயம். பாடநூலுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் குறைவான தவறுடைய தீநுண்மியையே எடுப்பேன். செய்தித்தாளிலும் பேச்சிலும் வைரஸ் என்றே எழுதுவதில் குற்றமில்லை, அது விடத்தின் உறவுக்காரன்.

பன்மையைப் பொறுத்தவரை தமிழ் எழுதுகிறவருக்கு எந்தச் சங்கடமும் கிடையாது. 'மாடு வந்தது, மாடு வந்தன' என்று ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவைப் பொதுவாக வைக்கும் பால்பகா அஃறிணைப் பெயர் நம் இலக்கணத்தில் உண்டு. வைரஸ் பரவியது என்றும் எழுதலாம், வைரஸ் பரவின என்றும் எழுதலாம், தேவைப்பட்டால் கள் சேர்க்கலாம். 'வைரை' என்று மட்டும் எழுத வேண்டாம்.